அலைப் பாட்டில் ஒரு ஆமென்

கடலில் முழங்கால் வரைக்கும் இறங்கக்கூடப் பயந்த நான்கு பேர் சேர்ந்து, கடலலையைப் பற்றிப் பன்னிரண்டு பாட்டுப் பாடி ஒரு சி.டி. வெளியிட்டிருந்தார்கள். செம்பூரில் ஒரு லாண்டரிக் கடைக்கு மேலே இருந்த கலைச்செல்வியின் துப்பறியும் அலுவலகத்தில் அது காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. உதவியாளன் பிரைட்டனுக்குத் தலைவலி வந்து, போய், மறுபடியும் வந்திருந்தது.

"அக்கா, இத இன்னொருக்கா போட்டீங்கன்னா நான் வேலைய விட்டுருவேன்."

"போன கேஸ்லயும் இதத்தான் சொன்ன. அந்த அட்டைய எடுத்துப் பாரு. என்ன தெரியுது?"

பிரைட்டன் சி.டி.யின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். பூப்போட்ட சட்டையில் நான்கு நடுவயதுக்காரர்கள் தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்தபடி ஜுஹு மணலில் நின்றார்கள். பேண்ட்டைக் கணுக்காலுக்கு மேல் மடித்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் என்னவோ வெகு தூரத்தில் இருந்தது. அலையில் சறுக்குகிற பலகை என்று நடுவில் ஒன்றை நட்டு வைத்திருந்தார்கள்.

"இது அலமாரிக் கதவு அக்கா. பெயின்ட் அடிச்சி ஏமாத்திருக்காங்க. பூட்டுக்குப் போட்ட ஓட்ட அப்படியே இருக்கு பாருங்க."

குழுவின் பெயர் 'தி ஜுஹு டைட்ஸ்'. சி.டி.யின் பெயர் 'கோல்டன் ஸாண்ட் டேஸ்'. நால்வரும் அணுசக்தி நகரில் குடியிருந்து, ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வந்து உத்தியோகம் பார்த்தவர்கள். அறுபதுகளில் கலிபோர்னியாப் பையன்கள் அலைச்சறுக்குப் பலகையும் காரும் காதலியுமாகத் திரிந்ததைப் பற்றி ஒரு வகைப் பாட்டு உண்டு. கிட்டார் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் அதிரும். ஆண்கள் தொண்டையைச் சுருக்கிக்கொண்டு பெண் குரலில் உச்சத்துக்குப் போவார்கள். சர்ஃப் பாப் என்று அதற்குப் பெயர். அதெல்லாம் நடந்த காலத்தில் இந்த நால்வரும் மாட்டுங்காவில் அரை டிராயர் போட்டுக்கொண்டு மத்தியானத் தயிர் சாதத்துக்குக் காத்திருந்தவர்கள். போகாத ஊரையும் ஆடாத ஆட்டத்தையும் நினைத்து நினைத்து ஏங்கி, ஐம்பது வயதுக்கு மேல், 2009இல், அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றைப் போட்டார்கள். ஜுஹுவில் அலை வந்தால் ஒற்றைச் செருப்பும் பிளாஸ்டிக் பையும்தான் கூட வரும் என்பது எந்தப் பாட்டிலும் இல்லை.

சி.டி. விற்கவில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு இவர்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வருவது குறைந்தது. மிச்சமெல்லாம் பரணுக்குப் போயிற்று. இந்த வருஷம் அதை யாரோ இன்டர்நெட்டில் ஏற்ற, பெல்ஜியத்தில் மறந்துபோன பாட்டுகளைத் தோண்டியெடுத்து வெளியிடுகிற ஒருவர் கேட்டு மயங்கிவிட்டார். அவரே புறப்பட்டு வருகிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் செம்பூரில் ஒரு ஹாலில் கச்சேரி. அது முடிந்ததும் பாட்டெல்லாம் பெரிய கறுப்பு இசைத்தட்டாக அச்சாகும். எந்தக் குரல் யாருடையது என்று அட்டையில் பெயர் ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

அவரை மயக்கியது ஒரே ஒரு குரல். ஐந்தாவது பாட்டான 'கீதா ஆன் த வேவ்ஸ்' என்பதில், வார்த்தை எதுவும் இல்லாமல் வெறும் 'ஊ' என்று அந்தக் குரல் மற்ற எல்லாரையும் கீழே விட்டுவிட்டு மேலே போகும். அந்த இடத்தில் மட்டும் பிரைட்டனே தலைவலியை மறந்தான். அட்டையின் பின்பக்கம் 'உச்சக் குரல்: வெங்கடேஷ்' என்று போட்டிருந்தது.

அந்த வெங்கடேஷ்தான் இவர்களின் கிளையன்ட். புதன்கிழமை வந்து உட்கார்ந்தவர், கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் கதையைச் சொன்னார்.

"தினம் கார்த்தால லேண்ட்லைன்ல போன் வரது. எடுத்தா, அஞ்சாவது பாட்டுல அந்த இடத்தை யாரோ பாடறா. பாடிட்டு வெச்சுடறா. சி.டி.ல இருக்கற அதே குரல், ஒரு பிசகு இல்லை. ஞாயித்துக்கிழமை மேடைல ஏறி, அது என் குரலாக்கும்னு யாராவது சொன்னா, என் பேர் என்னாறது?"

"கண்டுபிடிச்சா அவங்ககிட்ட என்ன சொல்லணும்?" என்று கலைச்செல்வி கேட்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லப்படாது. அட்ரஸ் மட்டும் கொடுங்கோ. மத்ததை நான் பாத்துக்கறேன்."

இன்று சனிக்கிழமை. கையில் இருந்தது இந்த சி.டி. ஒன்றுதான். ஐந்தாவது பாட்டு எத்தனையாவது முறையாகவோ ஓடி, கிட்டார் மெல்ல மங்கி, சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. பிரைட்டன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

"ஆமென்," என்றான்.

கலைச்செல்வி பொத்தானை அமுக்கிப் பாட்டை நிறுத்தினாள். "இப்ப என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலியே."

"ஆமென்னு சொன்ன."

"தூக்கம் வந்துச்சுக்கா. சர்ச்லயும் எனக்கு அப்படித்தான். கண்ண மூடிட்டு இருப்பேன், பாட்டு முடிஞ்சா வாய் தானா சொல்லிரும்."

"சர்ச்சுல சரி. இங்க எதுக்குல சொன்ன?"

கலைச்செல்வி பாட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, வால்யூமைக் கடைசி வரை திருகினாள். கீழே லாண்டரிக்காரன் அண்ணாந்து ஏதோ மராத்தியில் திட்டினான். கிட்டார் மங்கி, இரைச்சல் மட்டும் மிஞ்சிய இடத்தில், எங்கோ அடியாழத்தில் நாலைந்து குரல்கள் பக்தியோடு இழுத்தன. ஆ... மென்.

பன்னிரண்டு பாட்டையும் அப்படியே வாலைப் பிடித்துக் கேட்டார்கள். சிவப்புக் காரைப் பற்றிய பாட்டின் கடைசியில் ஆமென் இருந்தது. நீச்சலுடைப் பெண்ணைப் பற்றிய பாட்டின் கடைசியில் இன்னும் உருக்கமாக இருந்தது.

"மாட்டுங்காவுல பஜன பாடி வளந்தவங்க எதுக்கு ஆமென் சொல்லணும்?" என்றாள் கலைச்செல்வி. "காலைலேந்து கேக்கேன், என் காதுக்கு அது வெறும் இரைச்சல். உன் காதுக்குப் பழகினது, அதனால நீயும் கவனிக்கல. உன் வாய்தான் கண்டுபிடிச்சிருக்கு."

"என் வாயப் பத்தி நல்லதாச் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

அவன் இன்னொரு முறை கேட்டான். முகத்தில் இருந்த விளையாட்டு மெதுவாகப் போயிற்று. "அக்கா, ஆமென்னு முடிக்கும்போது பொம்பளக் குரல் ஒரு படி மேல ஏறி வழுக்கிட்டு எறங்குது பாருங்க. வேற எந்தச் சர்ச்லயும் இப்படிப் பாட மாட்டாங்க. மத்தவங்க இத வச்சி எங்களக் கிண்டல் பண்ணுவாங்க. இது எங்க தனசீலன் அண்ணன் சொல்லிக் குடுத்தது. பக்கா."

"அப்ப கிளம்பு."

"நான் கட்டாயம் வரணுமா? அங்க என் பேரு கொஞ்சம் கெட்டுப்போயிருக்கு."

"இங்க மட்டும் என்ன வாழுதாம். கிளம்பு."

தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, தோல் பை தைக்கிற பட்டறைகளைத் தாண்டினால் ஆலயத்தின் ஹால். அறுப்பின் பண்டிகை நெருங்கியதால் பாடகர் குழு சாயந்திரமே கூடியிருந்தது. பிரைட்டன் கலைச்செல்வியின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நுழைந்தான். கிறிஸ்துமஸ் ஆராதனையின் நடுவில், எல்லாரும் மூச்சடக்கி நின்ற ஒரு கணத்தில், கட்டைக் குரலில் சத்தமாகக் கொட்டாவி விட்டதற்காக அவனைக் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

நீக்கியவர் தனசீலன். எழுபது வயது, நரைத்த கிருதா, குழுவை நடத்தும் கை இன்னும் நடுங்கவில்லை. "ஏல பிரைட்டா, வழி தவறி வந்துட்டியா, இல்ல மனந்திரும்பிட்டியா?"

"ஒரு கேஸ் விஷயமா வந்தேன் அண்ணே."

"யாரு மேல கேஸு, உம்மேலயா?"

கலைச்செல்வி தன்னை யாரென்று சொல்லிவிட்டு, போனில் பதிந்து வந்திருந்த அந்த வால் துண்டை ஓடவிட்டாள். தனசீலன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இது எங்க ஆமென்லா. இத எங்கம்மா புடிச்சீங்க?"

"நீங்கதான் சொல்லணும் அண்ணாச்சி. இத எங்க பாடுனீங்க?"

தனசீலன் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார். "ஷேக் பரீதுன்னு நம்ம சந்துல ஒரு சவுண்டுக்காரரு இருந்தாரு. இப்ப மௌத்தாயிட்டாரு. அவருதான் எங்கள்ல கொஞ்சம் பேரச் செம்பூருல ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. நாலு சார்மாரு மேல ஏறிப் பாடப் பாக்காங்க, தொண்ட கட்டி இருமுதாங்க, சேந்து பாடத் தெரிஞ்ச ஆளு வேணும்னாரு. சர்ஃப் பாட்டுன்னதும் நாங்க சலவைத்தூள் விளம்பரம்னு நெனச்சிட்டோம். துணி வெள்ளையா வெளுக்கணும்னு மனசுல வச்சிக்கிட்டே பாடுனோம்."

"அந்த சார்மாரு பேரு?"

"அவங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னாங்க. எங்க பேரயும் கேக்கல. பிரியாணி வாங்கித் தந்தாங்க, அது நல்லாருந்துச்சி. பாட்டு முடியவும் நாங்க ஆமென் சொன்னோம். பரீத் பாய் தலையில அடிச்சிக்கிட்டாரு. திரும்பப் பாடுனோம், திரும்பவும் வந்துருச்சி. பாட்டு முடிஞ்சா வாய் நிக்க மாட்டேங்குதே, என்ன செய்ய? கடைசில அவரு, போங்க, நான் சத்தத்தக் கொறச்சி மறைச்சிக்கிடுதேன்னு சொல்லிட்டாரு."

ஒவ்வொரு பாட்டும் சூரியன் மறைவதுபோல் மெல்ல மங்குகிறது, ஒரு தலைமுறையின் துயரம் அதில் கேட்கிறது என்று பெல்ஜியத்துக்காரர் எழுதியிருந்ததை வெங்கடேஷ் பெருமையாகப் படித்துக் காட்டியிருந்தார்.

"அது பரீத் பாய் பட்ட துயரம் அக்கா," என்றான் பிரைட்டன்.

"மேல போற அந்த ஒத்தக் குரல் யாருது?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

தனசீலன் பின்வரிசையைக் காட்டினார். "ஜெனி, இங்க வா."

நாற்பதைத் தொடும் ஒரு பெண் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வந்தாள். செம்பூரில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. பிரைட்டனுக்கு அவளை நன்றாகத் தெரியும். சந்தில் எல்லாருக்கும் தெரியும். 'ரெக்கார்டு ஜெனி' என்றுதான் கூப்பிடுவார்கள். ரெக்கார்டிங்கில் தனியாகப் பாடிவிட்டு வந்தேன், என் குரல் வெளியே வரப்போகிறது என்று அவள் அன்றைக்கு வாய் கொள்ளாமல் சொல்லியிருந்தாள். அது வரவே இல்லை. டி.வி.யில் எந்த விளம்பரம் ஓடினாலும் புருஷன் இதுவா உன் பாட்டு என்று கேட்பான். தண்ணீர் லாரி வருதாம் என்று யாராவது சொன்னால், ஜெனி ரெக்கார்டு வந்த மாதிரியா என்று குழாயடியில் சிரிப்பார்கள். பாடுவதில் அவளைவிடச் சிறந்தவர் அந்த ஹாலில் இல்லை. ஆனாலும் சந்து முழுவதற்கும் பொய் என்பதற்கு அவள் பெயர்தான் உவமை.

பிரைட்டன் இயர்போனை அவளிடம் கொடுத்து ஐந்தாவது பாட்டைப் போட்டான். அவள் கடைசி வரை அசையாமல் கேட்டாள்.

"ரெண்டாவது தடவ ஏறும்போது சுதி ஒரு மயிரிழ கூடிருச்சி," என்றாள். பிறகு இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "அப்ப வந்துருச்சா?" என்று கேட்டாள்.

"வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா," என்றாள் கலைச்செல்வி.

ஜெனி அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். பிரைட்டனுக்கு அவளைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"வெங்கடேஷ்னு யாரையாவது தெரியுமா உங்களுக்கு?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

"எந்த வெங்கடேஷு? எங்க சந்துலயே மூணு பேரு இருக்காங்க."

"காலைல யாருக்காவது போன் பண்ணி இந்தப் பாட்டப் பாடுவீங்களா?"

ஜெனி பிரைட்டனைத் திரும்பிப் பார்த்தாள். "ஏல, இந்த அக்கா நல்லாத்தான இருக்காங்க?"

கலைச்செல்வி சிரித்தாள். கேஸ் முடிகிற நேரத்தில் மட்டும் வருகிற சிரிப்பு அது என்பது பிரைட்டனுக்குத் தெரியும். "மாட்டுங்கா வரைக்கும் வர முடியுமா? உங்க குரலு அங்க ஒருத்தர் வீட்டுல இருக்கு, போய் வாங்கிட்டு வந்துருவோம்."

"அக்கா, அவரு அட்ரஸ் மட்டும்தான் கேட்டாரு," என்று பிரைட்டன் காதருகே சொன்னான்.

"எழுதக் கை வலிக்குல. ஆளாவே குடுத்துருவோம்."

மாட்டுங்காவில் அந்த வீட்டுப் படியேறும்போதே ஐந்தாவது பாட்டு கேட்டது. கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே வெங்கடேஷ், பூப்போட்ட புதுச் சட்டையும் வேட்டியுமாக, பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு கரண்டியை மைக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். சி.டி.யில் குரல் உச்சத்துக்குப் போக, இவர் கண்ணை மூடி, வாயைக் குவித்து, சத்தமே இல்லாமல் கூடவே போனார்.

கலைச்செல்வி கதவைத் தட்டினாள். அவர் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நீங்க தேடச் சொன்ன ஆளு சார். அந்தக் குரல் இவங்களுது."

வெங்கடேஷின் முகம் விளக்குப் போட்டதுபோல் மலர்ந்தது. "வாங்கோ வாங்கோ, உள்ளே வாங்கோ. தொண்டை நன்னா இருக்கோ? ஐஸ் வாட்டர் ஏதும் குடிக்கலையே? நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் மோர்கூட வேண்டாம், கேட்டேளா?"

சி.டி. ஆறாவது பாட்டுக்குப் போயிற்று.

"தினமும் கார்த்தால உங்கள மிரட்டறவங்க சார் இவங்க," என்றாள் கலைச்செல்வி. "பயந்து போலீசக் கூப்பிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க தொண்டைய விசாரிக்கிறீங்க."

வெங்கடேஷ் போய் சி.டி.யை நிறுத்தினார்.

"போன் எதுவும் வரல. வந்திருக்க முடியாது. இவங்களுக்கு உங்க பேரே தெரியாது, பாட்டு வெளிய வந்ததே இன்னைக்குத்தான் தெரியும். உங்களுக்கும் இவங்க யாருன்னு தெரியாது. அன்னைக்குப் பேரு கேக்கல, கூட்டிட்டு வந்த பரீத் பாயும் இப்ப இல்ல. நாளைக்கோ அந்தக் குரல் மேடைல வேணும். வெளிப்படையாத் தேடணும்னா, அது என் குரல் இல்லன்னு நீங்க யார்கிட்டயாவது சொல்லணும். அதுக்கு மனசு வரல. அதனால ஒரு மிரட்டல நீங்களே தச்சு எங்களுக்குப் போட்டுவிட்டீங்க." கலைச்செல்வி சோபாவில் உட்கார்ந்தாள். "புதன்கிழமையே எனக்கு ஒரு சந்தேகம். போன்ல வர்றது சி.டி.ல இருக்குற அதே குரல்னு சொன்னீங்க. சி.டி.ல இருக்குறது உங்க குரல்னா, உங்களுக்கு நீங்களே போன் பண்ணீங்களா?"

"எங்கேஜ்டுன்னுல்ல வரும் சார்," என்றான் பிரைட்டன்.

சமையலறை வாசலில் வெங்கடேஷின் மனைவி கீதா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"என் பேர்ல பாடினதுன்னு, கல்யாண நாள் வந்தாப் போதும், இந்தப் பாட்டைப் போட்டுட்டுக் கண்ணை மூடிண்டு பக்கத்துல உக்காந்துடுவார்," என்றார் கீதா, கலைச்செல்வியைப் பார்த்து. "பாத்ரூம்ல ஒரு நாள்கூட இந்த உசரத்துக்குப் போகலையேன்னு கேட்டேன். அங்க எக்கோ சரியில்லைன்னார்."

"கீதா, நீ சித்த சும்மா இரு. கலைன்னா என்னன்னு இவாளுக்குத் தெரியாது." வெங்கடேஷுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. "ஐடியா என்னோடது. ட்யூன் என்னோடது. குரல்ங்கறது ஒரு இன்ஸ்ட்ருமென்ட், அவ்வளவுதான். கிட்டார் கம்பியோட பேரை யாராவது அட்டைல போடுவாளா?" அவர் ஜெனி பக்கம் திரும்பினார். "இதோ பாரும்மா, ஒண்ணும் கஷ்டமில்லை. மேடைல பின்னாடி கறுப்புத் திரை இருக்கு. நீ அதுக்குப் பின்னாடி நின்னுண்டு பாடு. சவுகரியமா நாற்காலி போடச் சொல்றேன். யாரும் உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டா."

ஜெனி அவர் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "திரைக்கு முன்னால நீங்க என்ன செய்வீங்க சார்?"

"நான் வாயசைப்பேன்."

"அதத் திரைக்குப் பின்னால நின்னும் அசைக்கலாம்லா."

பிரைட்டன் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டான். வெங்கடேஷ் கரண்டியைக் கையில் பிடித்தபடி மனைவியைப் பார்த்தார்.

"நீங்க உள்ளே போய் நாலு பேருக்குக் காபி கலந்துண்டு வாங்கோ," என்றார் கீதா. "உங்களுக்கும் வேணும்னா அஞ்சு."

வெங்கடேஷ் கரண்டியோடு உள்ளே போனார். பெல்ஜியத்துக்காரருக்கு இத்தனை நாளும் மெயில் எழுதியது கீதாதான். கணவருக்கு ஒரு விரலால் தட்டி ஒரு வரி முடிக்கவே அரைப் பொழுதாகும். கீதா லேப்டாப்பைத் திறந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஜெனியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உன் முழுப் பேர் என்னம்மா? அட்டைல போடணும்."

ஜெனி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஞானமுத்து ஜெனி. ஞானமுத்து எங்க அப்பா."

"ஆத்துக்காரர் பேரும் சேத்துப் போடட்டுமா?"

ஜெனி யோசித்தாள். உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது.

"வேண்டாம்மா," என்றாள். "அவரு இன்னிய வரைக்கும் நம்பல."

கீதா தலையாட்டிவிட்டு, அவள் சொன்ன பெயரை மட்டும் தட்டி அனுப்பினார்.